சிவப்பு ஊசி பிறந்த கதை

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் சித்தி வீட்டுக் கலப்பினப் பசு, போன கோடையில் இரண்டு நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை. கறந்தால் அரை லிட்டர்கூடத் தேறவில்லை. வந்த மாட்டு டாக்டர் தோள்பட்டைக்கு முன்னால் அழுத்திப் பார்த்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. காய்ச்சல் 106 டிகிரி. மடி இடுக்கிலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கால்களில் வெள்ளை வெள்ளையாய் வளையம். பகலில் கொட்டகைச் சுவர் வெடிப்புகளில் ஒளிந்துகிடக்கும் ஜாதி அது. காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொண்டு, "தைலேரியாவாத்தாம்மா இருக்கும்" என்றார். பையிலிருந்து வந்த குப்பியில் மருந்து மாதுளைச் சாறு போலச் சிவந்திருந்தது. 20 கிலோ எடைக்கு 1 மில்லி. 300 கிலோ மாட்டுக்கு 15 மில்லி. ஒரே இடத்தில் 10 மில்லிக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கழுத்தின் இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டார்.

"டிஞ்சர் மாதிரி இருக்குதே சார், மாட்டுக்குன்னே செஞ்சதா?" என்று சித்தி கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மாட்டுக்கென்று தொடங்கிய மருந்து இல்லை அது. அதன் கதை மரத்திலிருந்து தொடங்குகிறது.

தென் அமெரிக்காவின் லபாச்சோ மரத்து வைரத்தில் லபச்சால் என்றொரு மஞ்சள் பொருள் உண்டு. நம் தேக்கின் வைரத்திலும் இருக்கிறது. சுண்ணாம்பு பட்ட மஞ்சள் ஆரத்தி நீராகச் சிவப்பதைப் போல, காரம் பட்டால் இதுவும் சிவக்கும். அந்த நிறத்தில் மயங்கியவர் சாமுவேல் ஹூக்கர். அமெரிக்கச் சர்க்கரை ஆலையில் வேதியியலாளர். வீட்டில் சீட்டுக்கட்டு வித்தைக்காரர். கட்டிலிருந்து சீட்டுகள் தானாக எழும்பும் அவரது வித்தையை இன்றும் வித்தைக்காரர்கள் பேசுகிறார்கள். 1890களில் லபச்சாலை ஆராய்ந்தவர், ஓய்வுபெற்ற பிறகு மறுபடி அதற்கே திரும்பி, 1935இல் இறக்கும்வரை விடவில்லை. அவர் விட்டுப்போன கட்டுரைகளை வெளியிட்டவர் ஹார்வர்டின் லூயி ஃபீசர்.

1942இல் ஜாவா ஜப்பானிடம் விழுந்தது. அங்கிருந்து வந்த குவினைன் நின்றது. மலேரியாவுக்கு வேறு மருந்து தேடி அமெரிக்கா அலைந்தபோது, ஹூக்கரின் லபச்சால் குடும்பத்துப் பொருள் ஒன்று வாத்துகளின் மலேரியாவைக் கட்டுப்படுத்தியது. ஃபீசர் குழு அதே அச்சில் நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து தள்ளியது. (நாபாம் எரிகுண்டைக் கண்டுபிடித்தவரும் இதே ஃபீசர்தான், அதே ஆண்டில். ஒரு கை எரித்தது, மறு கை மருந்து தேடியது.) வாத்தைக் காப்பாற்றியது மனிதனிடம் எடுபடவில்லை. நம் ஈரல் அதை வேகமாகச் சிதைத்துவிட்டது. 1960களில் மெனோக்டோன் என்ற பெயரில் இன்னொரு முயற்சி. அதுவும் மனிதனிடம் தோற்றது.

அங்கேயே மூடியிருக்க வேண்டிய கோப்பு. அதைத் திறக்கவைத்தது ஆப்பிரிக்க மாடு.

1896இல் வெக்கைநோய் தென் ஆப்பிரிக்க மாடுகளை வாரிக்கொண்டு போனது. இழப்பை ஈடுகட்டக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மாடுகள் கப்பலேறின. காது உண்ணி பரப்பும் நோயும் கூடவே வந்தது. இறங்கிய இடத்து மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ராபர்ட் கோக்கே வந்து குழம்பிய அந்த நோயை, தனி நோயென்று 1904இல் பிரித்துக் காட்டியவர் ஆர்னால்டு தைலர். ஒட்டுண்ணிக்கு அவர் பெயரே நிலைத்தது. அங்கே பரவியது தைலேரியா பார்வா; நம் பக்கம் தைலேரியா அன்னுலேட்டா. இரண்டும் செய்வது ஒன்றுதான். வெள்ளையணுவுக்குள் குடியேறி, புற்றுநோயைப் போல அதைப் பிரிந்துகொண்டே இருக்கவைக்கும். டாக்டர் கையில் தட்டுப்பட்ட அந்த எலுமிச்சம்பழம், இப்படிப் பெருகிய அணுக்களின் கூட்டம். ஒட்டுண்ணியைக் கொன்றுவிட்டால் அணு பழைய குணத்துக்குத் திரும்பிவிடும் என்பது இந்த நோயின் விந்தை. நிஜப் புற்றுநோய் இவ்வளவு நல்ல பிள்ளை அல்ல.

1976இல் ஆய்வாளர் மெக்ஹார்டியும் கூட்டாளிகள் இருவரும், தைலேரியா பார்வா தாக்கிய மாடுகளை மெனோக்டோன் குணப்படுத்துகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆனால் அதைச் செய்யச் செலவு அதிகம். வெல்கம் மருந்து நிறுவனம் அதே குடும்பத்தில் மலிவானதைத் தேடிப் பார்வகோனைப் பிடித்தது. பிறகு அதன் அமைப்பை மாற்றி, உடல் எளிதில் சிதைக்க முடியாதபடி ஒரு கிளையை ஒட்டவைத்தது. 1985இல் ஆய்வுலகுக்கு வந்த அந்தச் சேர்மம்தான் பூபார்வகோன், சித்தி பார்த்த சிவப்பு. ஒட்டுண்ணியின் மூச்சுப்பாதையை அடைப்பது அதன் வேலை. கட்டி பெரிதாவதற்குள் போட்டால்தான் நன்றாகப் பலிக்கும். துனிசியா போன்ற இடங்களில் ஒட்டுண்ணி இதற்கும் எதிர்ப்பு கற்றுவிட்டது.

மனிதனும் கடைசியில் வெறுங்கையோடு போகவில்லை. அதே வெல்கம் ஆய்வுக்கூடத்தில் பூபார்வகோனின் தங்கையாகப் பிறந்த அட்டோவகோன், இன்னொரு மருந்தோடு சேர்ந்து இன்று மலேரியா மாத்திரை.

பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடு இந்த ஊசியை அதிகம் கேட்பதில்லை. உண்ணியோடேயே வளர்ந்த நாட்டு மாடுகள் ஒட்டுண்ணியைச் சுமந்தபடியே நடமாடும். படுத்துவிடுவது பெரும்பாலும் பால் அதிகம் தரும் கலப்பினம்தான்.

மூன்றாம் நாள் பசு கழுநீர்த் தொட்டியில் வாய்வைத்தது. ஊசி போட்டு இரண்டு நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாள் காசுக்குத்தான் சித்தி இன்னும் அங்கலாய்க்கிறார்.