மேல்வாரமும் மண்ணும்: ஆற்காட்டு நவாபுகளின் மானியங்கள் சட்டத்தின் கையில்

1763இல் நவாப் முகமது அலி வாலாஜா செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையாக, எழுதிக்கொடுத்தார். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1765இல் தில்லி பாதுஷா ஷா ஆலமின் ஃபர்மான் அதை உறுதி செய்தது. அதன்பின் நடந்தது வேடிக்கை. கம்பெனி அதே சீமையை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை, கொடுத்தவரே குத்தகைக்காரராக இருந்தார். அந்த இடைக்காலத்தில் இங்கே ஒரு பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ அவர் மானியம் விட்டிருந்தால், அதை அரசராகக் கொடுத்தாரா, குத்தகைக்காரராகக் கொடுத்தாரா?

வாலாஜா குடும்பத்தின் அறக்கொடைகள் பற்றிய வழக்காடல்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து. பக்தியையோ பாரசீகச் சாசனங்களின் அழகையோ நீதிமன்றங்கள் எடைபோடவில்லை. கொடுத்தவர் எந்தத் தகுதியில் கொடுத்தார், கொடுத்தது மண்ணா, மண்ணிலிருந்து வரும் வரியா என்றுதான் கேட்டன.

செங்கல்பட்டில் நிலம் மிராசுதார்களின் பரம்பரைக் காணி. கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1818இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய நூல் இதை விரிவாகப் பேசுகிறது. விளைச்சலில் அரசுக்குரிய பங்கு மேல்வாரம். உழுகுடியின் பங்கு குடிவாரம். நவாபிடம் இருந்தது பெரும்பாலும் மேல்வாரம் மட்டுமே. ஷரீஅத் சட்டப்படியோ, வக்ஃபு எனும் நிரந்தர அறக்கொடையைச் செய்கிறவர் அப்பொருளின் உடைமையாளராக இருக்க வேண்டும். இந்தச் சிக்கல் ஆற்காட்டுக்கு மட்டும் உரியதல்ல. எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் பைத்துல்மால் எனும் அரசுக் கருவூலத்திலிருந்து எழுதிவைத்த கொடைகளை அங்குள்ள ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) அறிஞர்கள் ‘இர்சாத்’ என்று தனியாக வகைப்படுத்தினார்கள்: வக்ஃபைப் போன்றது, ஆனால் வக்ஃபு அன்று. நம் ஊரில் அந்த வகைப்பாடு எடுபடாமல், எல்லாம் ‘இனாம்’ (வரிச்சலுகைக் கொடை) என்ற ஒரே பைக்குள் போயிற்று.

நவாபை அரசராக ஏற்கும் தீர்ப்பு முதலில் வந்தது லண்டனிலிருந்து. அது அவருக்கே பாதகமாக அமைந்தது. வருவாய்க் கணக்குக் கேட்டுக் கம்பெனிமீது சான்சரி நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு 1793இல் தள்ளுபடியானது. இரண்டு இறையாண்மைகளுக்கு இடையிலான உடன்படிக்கையை உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்காது என்றார்கள். அரசர் என்று மரியாதை செய்துவிட்டு வாசலைச் சாத்திய கதை.

1801 ஜூலை 31 உடன்படிக்கையோடு அந்த இறையாண்மையும் போயிற்று. ஆட்சி கம்பெனிக்கு, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு புதிய நவாப் அஸீமுத்தௌலாவுக்கு. நவாபுகள் விட்டுப்போன பள்ளிவாசல் செலவுகளும், நாள்கணக்கில் அளக்கப்பட்ட ‘யோமியா’ப் படிகளும் இனிக் கலெக்டரின் கஜானாவிலிருந்து வரவேண்டியவை ஆயின. நிலவருவாய்க்கு ஈடாக ரொக்கமாகத் தரும் ‘தஸ்திக்’ முறையில் கோயிலும் மசூதியும் ஒரே வரிசையில் நின்றன. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ரெகுலேஷன் இரண்டையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரகத்துக்கும் மசூதிக்கும் காவல் நிற்பதா என்று மிஷனரிகள் எழுப்பிய கூச்சலுக்குப் பின், 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் அந்த மேற்பார்வையைக் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் ஒப்படைத்தது.

இதற்கிடையே 1855இல் கடைசி நவாப் குலாம் முகமது கௌஸ் கான் வாரிசின்றி இறந்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி நவாப் பட்டத்தை ஒழித்தார். மறைந்தவரின் சொத்தை நிர்வகித்துக் கடன் அடைக்க 1858இல் தனிச்சட்டமே வந்தது. சேப்பாக்கம் அரண்மனை அரசின் கைக்குப் போயிற்று. அரண்மனை கடனோடு போக, அதற்குக் கொஞ்ச தூரத்தில் 1795இல் எழும்பிய திருவல்லிக்கேணிப் பெரிய மசூதி போகவில்லை. காரணம் எளிது: மசூதி அல்லாஹ்வின் உடைமை, நவாபின் சொத்துப் பட்டியலில் வராது. கௌஸ் கானின் சிற்றப்பா அஸீம் ஜாவுக்கு 1867இல் ‘ஆற்காட்டு இளவரசர்’ பட்டமும், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் பரம்பரை ஓய்வூதியமும் கிடைத்தன. மன்னர் மானியத்தை ஒழித்த 1971ஆம் ஆண்டின் திருத்தம் இந்தப் பட்டத்தைத் தொடவில்லை. ஆட்சி செய்யும் சமஸ்தானமாக இல்லாமற்போனதே அந்தக் குடும்பத்துக்குக் கவசமானது.

ரொக்கப் படிகளின் கதை வேறு. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், முந்தைய அரசுகள் தந்த பணக்கொடை, நிலவரிக்கொடை பற்றிய வழக்குகளைக் கலெக்டரின் சான்றில்லாமல் சிவில் நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றது. யோமியாதாரருக்கு உரிமை இருந்தது, வழக்காட வழியில்லை.

நிலக் கொடைகளை உண்மையில் உருமாற்றியது இனாம் கமிஷன். 1858இல் தொடங்கிய அந்த விசாரணை ஊர் ஊராகச் சென்று, கொடுத்தவர் யார், எதற்காக, யார் அனுபவிக்கிறார் என்று எழுதிக்கொண்டது. மசூதி, தர்கா, கோயில் ஊழிய இனாம்கள் ஊழியம் நடக்கும்வரை செல்லும் என உறுதியாயின. தனிநபர் இனாம்கள் சிறு வரி விதித்து விடுவிக்கப்பட்டன. சூஃபி ஞானியின் வழிவந்த ஒரு பீர்ஸாதாவுக்குக் கொடுத்த நிலம் அவருக்கா, அவர் விளக்கேற்றும் தர்காவுக்கா என்பது அன்று குமாஸ்தா எந்தக் கட்டத்தில் எழுதினார் என்பதைப் பொறுத்தது. 1918இல் சூரியநாராயணா வழக்கில் பிரிவி கவுன்சில், இனாம் என்றாலே மேல்வாரம் மட்டும் என்று அனுமானிக்க முடியாது, ஒவ்வொரு கொடையையும் அதனதன் சான்றில் பார்க்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே அருணாசலம் செட்டி வழக்கில், இனாம் பதிவேட்டுக்குப் பெரும் சாட்சிய மதிப்புண்டு என்றும் சொன்னது.

குடும்ப வக்ஃபின் தனிக் கிளைக்கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். சந்ததிக்கே பயன் போய், ஏழைகளுக்கு எப்போதோ ஒரு காலத்தில் போகும் வக்ஃபு செல்லாது என்று 1894இல் அபுல் ஃபதா வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்தது. ஜின்னா கொண்டுவந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது. பழைய வக்ஃபுகளுக்கு அந்தப் பாதுகாப்பு 1930இல்தான் எட்டியது. 1921இல் சென்னையிலிருந்து போன வித்யா வாருதி மேல்முறையீட்டில் நீதிபதி அமீர் அலி, வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லி ஆங்கிலப் பொருளில் டிரஸ்டி அல்லர், மேலாளர் மட்டுமே என்று தெளிவாக்கினார். பட்டம் வழிவழி வரலாம், அதனால் சொத்து அவருடையதாகாது என்பது ராஜ குடும்பத்து முத்தவல்லிக்கும் பொருந்தும்.

விடுதலைக்குப் பின் 1954 வக்ஃபு சட்டம் கணக்கெடுப்பையும் அரசிதழ்ப் பட்டியலையும் கொண்டுவந்தது. தமிழகத்தின் 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்கள், இன்னொரு பக்கமிருந்து, ரயத்துவாரிப் பட்டாக்களை வழங்கின. ஒரே சர்வே எண் ஓர் ஏட்டில் வக்ஃபு, இன்னொன்றில் பட்டா நிலம். ஒருமுறை வக்ஃபு என்றால் என்றும் வக்ஃபுதான், பட்டா அதை அழிக்காது என்று 1998இல் சையத் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தொடக்கத்தில் வக்ஃபு ஆனது எது, மண்ணா மேல்வாரமா என்பது அதனால் தீரவில்லை. திருச்சி அருகே திருச்செந்துறையில் 2022இல், நிலம் விற்கப் போனவரிடம் பதிவு அலுவலகம் வக்ஃபு வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்டபோது எழுந்த பரபரப்பு அந்தத் தீராத கணக்கின் ஒரு பகுதி. தலைமுறைகளாக உழுதவருக்கும் வாரியத்துக்கும் இருவருக்குமே காகிதம் இருந்தது.

2025 திருத்தச் சட்டம் காலவரையறைச் சட்டத்தை வக்ஃபு வழக்குகளுக்கும் பொருத்தியது. அரசுச் சொத்து வக்ஃபு ஆகாது என்றும் விதித்தது. அரசு அதிகாரியே விசாரித்துப் பதிவேடுகளைத் திருத்தும் பகுதியை அந்த ஆண்டு செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தியது. நவாபின் கொடைகளுக்கு, அரசுச் சொத்து வக்ஃபு ஆகாது என்ற விதி மிகக் கூர்மையானது. அரசராகக் கொடுத்தார் என்றால் அரசுச் சொத்து என்ற வாதம் எழும்; உடைமையாளராகக் கொடுத்தார் என்றால் அதை நிறுவ அவருடைய பத்திரம் வேண்டும். செங்கல்பட்டு ஜாகீரைப் பொறுத்தவரை 1763க்கு முந்தைய கொடை, 1780 வரையிலான குத்தகைக் காலக் கொடை, அதற்குப் பிந்தையது என்று மூன்றாகப் பிரித்துத்தான் வழக்கறிஞர் வாதாட வேண்டியிருக்கும். அதற்கு அவர் கையில் எடுக்கும் முதல் காகிதம் வாலாஜாவின் கொடைச் சாசனமான சனதாக இராது. தாலுகா அலுவலகத்தில் ‘ஐ.எஃப்.ஆர்.’ என்று சொல்லும் இனாம் பதிவேட்டின் நகலாகவே இருக்கும்.