பாக்கு நீரிணை எல்லையும் உடன்படிக்கைச் சொற்பொருளும்

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் தமிழ்நிலத்திற்கு எல்லையாக உரைத்துக் கிழக்கையும் மேற்கையும் கூறாது விடுத்தது. அவ்விரு திசையினும் கடலே எல்லையாதலின் கூறவேண்டாதாயிற்று என அமைதி காண்பது உரை மரபு. ஆண்டுக் கடல் எல்லையாகின்றது. கடலுக்குள் எல்லை என்னும் கருத்திற்கு இடமில்லை. அக்கருத்துப் பாக்கு நீரிணையில் எவ்வாறு புகுந்தது என்பதனையும், அதனை நிறுவிய ஆவணச் சொற்களின் பொருளையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1921 அக்டோபரில் சென்னை அரசின் பேராளரும் இலங்கை அரசின் பேராளரும் கொழும்பிற் கூடி, மீன்பிடிப்பின் பொருட்டு ஒரு கோடு வகுத்தனர். அது கச்சத்தீவிற்கு மேற்கே 3 மைலிற் சென்றது. எனினும் தீவு இராமநாதபுரம் சமீனைச் சார்ந்தது என்னும் கோரிக்கையை இந்தியப் பேராளர் கைவிட்டாரல்லர். எனவே, அக்கோடு மீன்பிடிப்புக் கோடேயன்றி அரசுரிமைக் கோடு அன்று. இவ்வேறுபாட்டைப் பிற்கால எழுத்தாளர் பலர் மறந்துவிடுகின்றனர்.

அரசுரிமைக் கோடு 1974இல் தோன்றியது. சூன் 26இல் கொழும்பிலும் 28இல் தில்லியிலும் கையொப்பமான உடன்படிக்கை, ஆறு புள்ளிகளை இணைத்து எல்லை வகுத்தது. கச்சத்தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் கோடு சென்றமையின் 285 ஏக்கர்த் தீவு இலங்கையின்பாற்பட்டது. ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் வழிபடுவோரும் இதுகாறும் போலவே பயண ஆவணமின்றித் தீவிற்குச் சென்றுவரலாம் என்கின்றது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்கின்றது. இவற்றால் மீன்பிடிப்புரிமை நிலைபெற்றது என்று கூறுவர் ஒரு சாரார். ஆயின், ஐந்தாம் பிரிவு சென்றுவரலையே சுட்டுகின்றது. மீன்பிடித்தல் என்னும் சொல் அதன்கண் இல்லை. ஆறாம் பிரிவோ கலங்களின் உரிமை என்னும் பொதுச் சொல்லால் அமைந்து, இருபாலார்க்கும் இடந்தருகின்றது.

சிக்கலை மிகுவித்தன 1976 மார்ச்சு 23ஆம் நாள் மடல்கள். ஒரு நாட்டு மீனவர் மற்றதன் வரலாற்று நீர்ப்பரப்பு முதலியவற்றில் வெளிப்படையான இசைவின்றி மீன்பிடித்தல் ஆகாது என்பது அவற்றின் கருத்து. அன்று கையொப்பமான உடன்படிக்கை மன்னார் வளைகுடாவையும் வங்கக் கடலையும் பற்றியது. ஆதலின் மடல்கள் பாக்கு நீரிணையைத் தீண்டா என்று வாதிடுவாருளர். யாமும் முன்னர் அவ்வாறே கருதியிருந்தோம். ஆயின் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் தலைப்பே 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்னும் தொடரைத்தான் ஆள்கின்றது. இத்தொடர் புதியதுமன்று. இராமநாதபுரம் அரசர்க்குரிய சங்குப் படுகை பற்றிய வழக்கொன்றில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை உயர்நீதிமன்றம் இப்பகுதிக் கடலின் தனியுரிமையை நெடுநாள் ஆட்சி கொண்டு ஏற்றுளது. ஒரே சொல் இரு ஆவணத்தினும் ஒரே நீரைக் குறிக்குமெனக் கொள்வதே உரைநெறி. எனவே, அவ்வாதம் வலியுடைத்தன்று. நம்மவர்க்கு இது கசப்பாயினும் சான்று அவ்வாறுளது.

மரபு என்னும் சொல்லும் ஆராய்தற்குரியது. பாய்மரமும் துடுப்பும் கொண்டு சென்றோர் துய்த்த உரிமையை, அடித்தளத்தை அரித்துச் செல்லும் இழுவலைப் படகிற்கு ஏற்றிக் கூறல் எங்ஙனம் பொருந்தும்? அவ்வலையால் தம் வலை அறுபடக் காண்போர் யாழ்ப்பாணத்தும் மன்னாரினும் வாழும் தமிழ் மீனவரே. இவர்தம் நீண்டநாள் முறையீட்டின் பின்னர், 2017இல் இலங்கை அடித்தள இழுவலையைச் சட்டத்தால் விலக்கியது. இப்பாற் கரையிலோ சிறைப்பட்டோர் குடும்பங்களும் கைப்பற்றப்பட்ட படகுகளின் கடன்களும் உள்ளன, அத்துயரம் பொய்யன்று.

ஐந்தாம் பிரிவு முற்றும் வழக்கொழிந்ததென்றும் கூறவியலாது. உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின், கச்சத்தீவு அந்தோணியார் கோயில் விழாவிற்கு இருகரைத் தமிழரும் மீண்டும் கூடலாயினர். இராமேசுவரத்திலிருந்து படகேறுவோர்க்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை.