நாசில் முனையில் நூறு வருஷம்

போன ஆனி மாசம் ஒரு பழைய மினி லாரி வாங்கினேன். முருங்கையும் தக்காளியும் வாடகை வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்பி, விலை விழுந்த நாளெல்லாம் கையைக் கடித்ததுதான் காரணம். சொசைட்டியில் நகையை வைத்து வாங்கின வண்டி. ரெண்டே மாசத்தில் கரும்புகை கக்க ஆரம்பிச்சுது. காலையில் ஸ்டார்ட் பண்ணினா டக்டக்னு தட்டுற சத்தம். டீசலையும் முன்னைவிட அதிகமா குடிச்சுது.

"வித்துத் தொலைங்கண்ணே" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வித்தா இன்னொரு சம்சாரி தலையிலதானே விழும்? மனசு வரலை.

கோளாறு இன்ஜெக்டரில் இருந்தது. டவுன்ல இருக்கிற உங்களுக்கு இது புதுசா இருக்கலாம், கொஞ்சம் பழைய கதையிலிருந்து சொல்றேன்.

டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கினால் அதுவே கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஊரில் இதை ஓட்டிக் காட்டினார். ஆனால் எண்ணெயை உள்ளே தள்ள அவர் நம்பியது அழுத்தக் காற்றை. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். தொழிற்சாலையிலும் கப்பலிலும் வைக்கலாம், லாரியில் எங்கே வைப்பது? டீசல் 1913-ல் கப்பலில் போகும்போது கடலில் மறைந்துபோனார். தன் இன்ஜின் லாரிகளில் பரவலாக ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்ததில் பெரிய பங்கு ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் பாஷ் கம்பெனிக்கு. 1922-ல் ஆரம்பித்து, 1927-ல் டீசல் பம்பை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள். காற்று வேண்டாம், எண்ணெயையே அழுத்திப் பீய்ச்சலாம் என்றாகிவிட்டது. நம்ம பக்கம் 1951-ல் பெங்களூரில் மைக்கோ வந்தது. 1954-ல் டாடா, பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரி செய்தது. 1955-ல் எண்ணூரில் அசோக் லேலண்ட். எங்க மெக்கானிக்குகள் வாயில் இன்னைக்கும் 'மைக்கோ பம்ப்'தான்.

எங்கப்பா காலத்தில் கிணத்து மேட்டில் ஒரு ஆயில் இன்ஜின் இருந்தது. நாசிலைக் கழற்றினால் மண்ணெண்ணெயில் கழுவி வெள்ளைத் துணியில் வைப்பார். "ஒரு நாசில் ஊசியை இன்னொண்ணுல போட்டுறாதே" என்பார். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஊசியும் அதன் உறையும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. நடுவில் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ரெண்டு மூணு பங்குதான்.

என் வண்டிக் கதைக்கு வர்றேன். இன்ஜின் ஓடும்போது, துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்த்தோம். சத்தம் மாறி இன்ஜின் தொய்ந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்யுது. மாறலைன்னா கோளாறு அங்கேதான். இது பழைய பம்ப் வண்டிக்கு மட்டும். புது காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அதில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மூணாவது சிலிண்டரில் சத்தம் மாறவில்லை. ஒண்ணுதானேன்னு விடாமல் நாலையும் கழற்றினோம். முதலில் சுத்தி இருந்த மண்ணைத் துடைத்தோம். பைப்பைக் கழற்றி வாயை மூடினோம். ஒண்ணு கரி பிடித்து வரவே இல்லை. நெம்பாமல், டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டதும் வந்தது. மூணாவது குழிக்குள்ள டார்ச் அடித்துப் பார்த்தால், ஒண்ணு இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு காப்பர் வாஷர்! பழசை எடுக்காமலே புதுசைப் போட்டிருக்கிறார்கள். நாசில் முனை அந்த அளவுக்கு மேலே ஏறி நின்றிருந்தது.

பம்ப் பட்டறையில் டெஸ்டரில் மாட்டி கையால் அமுக்கினார்கள். ரெண்டு பனி மாதிரி தூவின. ஒண்ணு கோணலாகப் பீய்ச்சியது. மூணாவது சிலிண்டருடையது சொட்டியது. பிரித்துப் பார்த்தபோது நாசிலில் 'டி.எல்.எல்.ஏ. 150' என்று பொறித்திருந்தது. 'டி' என்பது நாசிலுக்கான ஜெர்மன் சொல், 'எல்' துளை, 150 என்பது டீசல் விரியும் கோணம் என்றார் பட்டறைக்காரர். ரெண்டில் 150. கோணலாகப் பீய்ச்சியதில் எண்ணே வேறு. சொட்டியதில் எழுத்தே சரியாகப் பதியவில்லை.

வெளி மார்க்கெட் சாமான் எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன். நாலும் ஒரே எண்ணா, அந்த இன்ஜினுக்கு உரியதா என்பதுதான் கேள்வி. நாலு நாசிலும் மாற்றி, புது வாஷர் போட்டு, பைப்பில் ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணினோம். கரும்புகை நின்றுவிட்டது.

கழற்றினதைத் தூக்கிப் போடலை. பழைய வண்டி வாங்கப் போறேன்னு யாராவது வந்தா எடுத்துக் காட்டுறேன். அப்பா இருந்திருந்தா, அதையும் மண்ணெண்ணெயில் கழுவி வெள்ளைத் துணியில்தான் வைத்திருப்பார்.