கப்பல் வராத கோட்டை

தரங்கம்பாடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குகிறார்கள். கோட்டை வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே ஊர் இருந்தது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. கல்வெட்டில் இவ்வூருக்குச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற பெயர்கள் வருகின்றன. வணிகம் நடந்த துறை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

டென்மார்க்கிலிருந்து வணிகத்துக்கு வந்த டேனியர் முதலில் குறிவைத்தது இலங்கையை. அங்கே கண்டி அரசரோடு பேசிய பேச்சு கைகூடவில்லை. அதற்குள், முன்னோடியாக வந்த ரோலண்ட் கிராப்பேயின் கப்பலைப் போர்ச்சுகீசியர் காரைக்கால் அருகே தாக்கி அழித்திருந்தனர். தப்பிக் கரையேறிய கிராப்பே தஞ்சை அரண்மனையை அடைந்தார். போர்ச்சுகீசியரை மட்டுமே நம்பியிருக்க விரும்பாத இரகுநாத நாயக்கருக்கு இந்தப் புதியவர்கள் வசதியாக வாய்த்தனர். 1620 நவம்பரில் தளபதி ஓவே கெட்டேயுடன் உடன்படிக்கை ஆயிற்று. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வந்தவர்கள் ஊரை வென்று எடுக்கவில்லை. தஞ்சைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டித்தான் இருந்தார்கள். ஊரின் பிற்கால வரலாறு முழுவதற்கும் திறவுகோல் இதுதான் என்பது என் கருத்து.

அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநரின் குடியிருப்பு. எதிரே அலை. ஐரோப்பியப் போர்களில் டென்மார்க்கின் கருவூலம் காலியானதும் இவர்களை நினைப்பாரில்லை. ஏறக்குறையக் கால் நூற்றாண்டு தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. 1655இல் தலைவர் இறந்தபின் பொறுப்பேற்றவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுத்தறியாத சாமானியர் என்பார்கள். உள்ளூர் வீரர்களை வைத்துக்கொண்டு, வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து, அதில் வந்த பணத்தில் கோட்டையையும் ஊரையும் காத்தார். நகரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவரே. (கடற்கொள்ளை என்றும் இதைச் சொல்லலாம், அக்காலத்தில் எந்தக் கம்பெனியின் கை சுத்தமாக இருந்தது?) 1669இல் கப்பல் வந்து சேர்ந்தபோது கொடி இறங்காமல் இருந்தது.

இவ்வூரின் பெயரை ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றது வணிகமல்ல, அச்சகம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய மதபோதகர்கள் சீகன்பால்கும் புளுட்சௌவும் 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கினர். இருவரும் ஜெர்மானியர். சீகன்பால்க் ஒரு முதிய உபாத்தியாயரைத் தம் வீட்டுக்கே பள்ளியோடு வரவழைத்து, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். உள்ளூர் டேனிஷ் அதிகாரிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708இல் நான்கு மாதம் அதே கோட்டையில் சிறையிருந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அருகிலுள்ள பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்க்க முனைந்தபோது ஈயத்துக்குப் பஞ்சம். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கினார்கள். அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. தமிழ் அச்சு இங்கேதான் பிறந்தது என்று மேடையில் முழங்குவோர் 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தை மறந்துவிடுகிறார்கள். முதன்மை இவ்வூருக்கு உரியதல்ல, தொடர்ச்சிதான் உரியது. தமிழர் சமயம் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த நூலோ 1867 வரை அச்சேறவில்லை. அவர் 1719இல் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார்.

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் பிற சிறு இடங்களையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். சிலகாலம் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக ஊர் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தபின் இந்தத் துறைக்குப் பிழைப்பில்லை. அந்த வறுமைதான் 1792ஆம் ஆண்டு நகரவாயிலையும் ராஜா வீதியையும் இடிபடாமல் காத்தது. காசு புழங்கியிருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உயிரைப் பறிகொடுத்தது கடலோர மீனவக் குடும்பங்கள். டேனிஷ் கட்டடங்களைப் புதுப்பிக்க வெளிநாட்டு உதவி கிடைத்தது, அது நல்லதே. ஆனால் கடலோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் அந்த மக்களின் ஊர்வரலாறு கோட்டைக் கதைக்குள் அடங்கவில்லை. இதைப் படித்துவிட்டுத் தரங்கம்பாடி செல்வோர் கோட்டை அருங்காட்சியகத்தோடு திரும்பிவிட வேண்டாம். மாசிலாமணிநாதரையும் கண்டு, மீனவர் தெருவில் மூத்தவர்களிடம் அமர்ந்து பேசி, அவர்கள் சொல்வதை எழுதிவைக்க நம் கல்லூரி மாணவர்கள் முன்வர வேண்டும்.