எல்லா மஞ்சள் காமாலையும் ஒன்றல்ல: ஹெபடைட்டிஸ் சி பரவும் விதமும் சிகிச்சையும்

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி தேடுவதும், அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைப்பதும் நம்மவரிடையே பழகிய வழக்கம். ஆனால் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குக் காரணமான கிருமியைப் பொறுத்துத் தொற்றும் வழி மாறும். ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் அசுத்தமான நீர், உணவு வழியே வருபவை. பி வகை இரத்தம், உடலுறவு வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. இது பெரும்பாலும் இரத்தத்தின் வழியே பரவுகிறது. சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது. தட்டைப் பிரித்து வைத்துவிட்டு, ஒரே சவர பிளேடை இருவர் பயன்படுத்துவதுதான் ஆபத்து. பச்சை குத்தும் ஊசி, தைப்பூசத்தில் குத்தும் அலகு ஆகியவற்றையும் ஒருவருக்குப் பயன்படுத்தியபின் கிருமி நீக்காமல் அடுத்தவருக்குப் பயன்படுத்தக்கூடாது.

பலருக்குக் காமாலையே தெரியாது. 20, 30 ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, கல்லீரல் சுருங்கிய பிறகே நோய் வெளிப்படும்.

மலேசியாவில் 2009-ஆம் ஆண்டில் 15 முதல் 64 வயது வரையிலானோரில் ஏறக்குறைய 4 லட்சத்து 50 ஆயிரம் பேருக்கு இத்தொற்று இருந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் போதை ஊசி வழியே வந்தது. 'சி' என்றாலே போதைப்பித்தன் என்று பேசுவதும், அந்தப் பேச்சுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்பதும் இதனால்தான். இது நியாயமில்லை. கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்ட பாட்டிக்கும் தொற்று இருக்கலாம்.

சொஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் அறிமுகமானபோது 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் காப்புரிமையைக் கடந்து மலிவான பதிப்பை வாங்க அனுமதித்தது. இம்மருந்துக்கு இப்படிச் செய்த முதல் நாடு இதுதான். 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசமானது.

இதனுடன் ரவிடாஸ்விர் என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேரிடம் நடந்தது. மலேசியப் பகுதியை வழிநடத்தியவர் செலாயாங் மருத்துவமனையின் டாக்டர் தான் சோக் சியாம். 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். கல்லீரல் இறுகத் தொடங்கியோருக்கு மட்டும் 12 வாரத்துக்குப் பதில் 24 வாரச் சிகிச்சை தரப்பட்டது. 2021-இல் இம்மருந்துக்கு மலேசியாவில் அனுமதி கிடைத்தது.

முதல் பரிசோதனைக்கு விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் போதும். அதில் தொற்று தெரிந்தால், கிருமி இப்போதும் உடலில் உள்ளதா என்று இன்னொரு சோதனை உறுதி செய்யும். குணமானவருக்கும் முதல் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும் என்பதால் இரண்டாவதைத் தவிர்க்க முடியாது. ஒருமுறை குணமானாலும், ஊசியைப் பகிர்ந்தால் மீண்டும் தொற்றும்.