ஆளில்லா வானூர்தி, ஆள் குறைந்த அலுவலகம்: கிட்வாய் நகர் அருகே ஒரு கண்காணிப்பின் வரலாறு

தெற்கு தில்லியின் கிட்வாய் நகர் இன்று அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகளுக்காக அறியப்படும் பகுதி. அப்பெயருக்குரிய ரஃபி அகமது கிட்வாய், விடுதலைக்குப் பின் அமைந்த நேரு அமைச்சரவையில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்தவர். அந்நாளில் வானூர்தித் துறைக்குத் தனி அமைச்சகம் கிடையாது. அஞ்சல், தந்தி ஆகியவற்றோடு சிவில் விமானப் போக்குவரத்தும் அவருடைய பொறுப்பிலேயே இருந்தது. 1949இல் அவர் தொடங்கிவைத்த இரவு வான் அஞ்சல் திட்டத்தில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் அஞ்சல் பைகளும் நள்ளிரவில் நாக்பூரில் கைமாறின. பின்னாளில் அவர் உணவு மற்றும் வேளாண் அமைச்சரானார். வானூர்தியும் வேளாண்மையும் ட்ரோன் என்னும் ஒரே கருவியில் சந்திக்கும் காலத்தில் இத்தற்செயல் நினைவுகூரத் தக்கது.

கிட்வாய் நகரிலிருந்து அரவிந்தர் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று ஐ.என்.ஏ. சந்தையைக் கடந்தால் சஃப்தர்ஜங் விமானத்தளம் வரும். காலனிய ஆட்சியில் வில்லிங்டன் தளம் என்று அழைக்கப்பட்ட இடம் அது. இந்தியாவில் எந்த வானூர்தி பறக்கலாம், எது பறக்கலாகாது என்று தீர்மானிக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., பல பத்தாண்டுகளாக இத்தளத்தை ஒட்டியே இயங்கிவந்துள்ளது. இவ்வியக்குநரகத்தின் வரலாற்றை அமைச்சர்களின் வரலாறாக எழுதலாம். விபத்துகளின் வரலாறாகவும் எழுதலாம். இக்கட்டுரை அதனை ஆய்வாளர் என்னும் ஒரு பதவியின் வரலாறாக வாசிக்க முயல்கிறது. அவ்வாறு வாசிக்கும்போது, இந்திய ட்ரோன் சட்டங்களின் போக்கை வடிவமைத்த காரணிகளுள் ஒன்று ஆய்வாளரின் இன்மை என்பது புலனாகிறது.

இந்தியாவில் வானூர்திச் சட்டம் வானூர்தியோடு சேர்ந்தே பிறந்தது எனலாம். 1910இல் சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தாம் உருவாக்கிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டுசென்றார். அதே ஆண்டில் காலனிய அரசு வான்கப்பல் சட்டத்தை இயற்றியது. 1927இல் சிவில் விமானத்துறை அமைக்கப்பட்டது. 1934இல் வானூர்திச் சட்டமும் 1937இல் வானூர்தி விதிகளும் வந்தன.

1934ஆம் ஆண்டுச் சட்டம் வானூர்தி என்னும் சொல்லுக்குத் தந்த வரையறை மொழியியல் நோக்கில் கவனத்திற்குரியது. காற்றின் எதிர்வினையால் வளிமண்டலத்தில் தாங்கப்படக்கூடிய எந்த இயந்திரமும் வானூர்தி என்று கூறிய அச்சட்டம், பலூன், வான்கப்பல், மிதவை விமானம் ஆகியவற்றோடு பட்டத்தையும் அப்பட்டியலில் சேர்த்தது. அவ்வரையறையில் விமானி இல்லை. மனிதன் ஏறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆகவே ட்ரோன் புழக்கத்திற்கு வந்தபோது சட்டத்திற்குப் புதுச் சொல் தேவைப்படவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு இடம் இருந்தது. இல்லாதிருந்தது அதனைச் சோதிக்கும் முறை.

1937ஆம் ஆண்டு விதிகள் உருவாக்கிய சோதனைமுறை ஒவ்வொரு வானூர்தியையும் தனி உயிராகவே கருதியது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவெண், தனி வான்தகுதிச் சான்றிதழ், தனிப் பராமரிப்புப் பதிவேடு. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையொப்பமிடுவார். அக்கையொப்பத்தின் நம்பகத்தை அரசின் ஆய்வாளர் சரிபார்ப்பார். பதிவேட்டைப் புரட்டவும், கொட்டகைக்குள் நுழையவும், குறை கண்டால் வானூர்தியைத் தரையில் நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இம்முறையின் அடிப்படை எளியது: ஓர் இயந்திரம், அதற்குப் பொறுப்பான ஒரு கையொப்பம், அக்கையொப்பத்தைக் கேள்விக்குட்படுத்தும் ஒரு கண்.

அந்தக் கண்ணுக்கு அதிகாரம் காகிதத்தில் இருந்தாலும் நடைமுறையில் எவ்வளவு இருந்தது என்ற கேள்வியை 1980 எழுப்பியது. அவ்வாண்டு ஜூன் 23 அன்று சஃப்தர்ஜங் தளத்திலிருந்து பிட்ஸ் வகைச் சாகச விமானத்தில் பறந்த சஞ்சய் காந்தியும் உடன் சென்ற கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் சிறிது நேரத்தில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தனர். அதற்குச் சற்று முன்னர் இயக்குநரகத்தின் தலைவர் ஏர் மார்ஷல் ஜாஃபர் ஸாஹீர், சஞ்சய் காந்தியின் பாதுகாப்பு விதிமீறல்களைச் சுட்டிக்காட்டியதை அடுத்துப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்ததாக அக்காலச் செய்திகள் பதிவுசெய்துள்ளன. ஆய்வு என்பது தொழில்நுட்ப அறிவு மட்டுமே என்று கருதுவோர்க்கு இந்நிகழ்வு ஒரு திருத்தம். மறுப்பதற்கு அறிவோடு ஆதரவும் வேண்டும். அலுவலகத்தின் வாசலிலேயே உள்ள ஓடுதளத்தில், தலைமைப் பதவியில் இருப்பவரின் மறுப்புக்கே இவ்வளவுதான் வலு என்றால், கீழ்நிலை ஆய்வாளரின் நிலையை ஊகிக்கலாம்.

அடுத்த திருப்பம் 2014. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று அமெரிக்க வானூர்தி நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., இந்தியாவின் பாதுகாப்புத் தரநிலையை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குத் தாழ்த்தியது. போதிய முழுநேர ஆய்வாளர்கள் இல்லாமை சுட்டப்பட்ட குறைகளுள் முக்கியமானது. அறிவிப்புக்குச் சில நாட்களுக்கு முன்னரே 75 முழுநேர ஆய்வாளர் பணியிடங்களுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. 2015 ஏப்ரலில்தான் முதல் வகை மீண்டும் கிடைத்தது.

இந்த இடைவெளியில்தான் ட்ரோன் இயக்குநரகத்தின் கதவைத் தட்டியது. 2014 மே மாதத்தில் மும்பையில் ஓர் உணவகம் ட்ரோன் மூலம் பீட்சா அனுப்பிக் காட்டியது. அக்டோபர் 7 அன்று டி.ஜி.சி.ஏ. ஒரு பொது அறிவிப்பை வெளியிட்டது: விதிமுறைகள் வகுக்கப்படும்வரை சிவில் பயன்பாட்டிற்காக ஆளில்லா வானூர்திகளை எவரும் ஏவக்கூடாது. மோதல் அபாயம், பாதுகாப்பு அச்சுறுத்தல், பன்னாட்டு நெறிகள் முழுமை பெறாமை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. அக்காரணங்கள் மெய்யானவையே. ஆயினும் பயணிகள் விமானங்களைச் சோதிக்கவே ஆள் போதவில்லை என்று உலகின் முன் சுட்டப்பட்ட ஓர் அமைப்பு, அதே ஆண்டில் புதியதொரு வானூர்தி வகையை முற்றாக விலக்கியது தற்செயலாகத் தோன்றவில்லை. சோதிக்க ஆளில்லாத இடத்தில் தடையே மலிவான விதி.

தடை நான்கு ஆண்டுகள் நீடித்தது. 2018 ஆகஸ்டில் வெளியாகி டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறைகள், அனுமதியில்லையேல் ஏற்றமில்லை என்ற கோட்பாட்டை முன்வைத்தன. ஒவ்வொரு பறத்தலுக்கு முன்னும் ட்ரோனின் மென்பொருள் டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசுத் தளத்திடம் அனுமதி கேட்கும். கிடைக்காவிட்டால் சுழலிகள் சுற்றா. ஆய்வாளரின் கண்ணை இயந்திரத்திற்குள்ளேயே பொருத்திவிடும் முயற்சி அது.

2021ஆம் ஆண்டின் நிகழ்வுகளை வரிசையாகக் காண வேண்டும். மார்ச் 12 அன்று ஆளில்லா வானூர்தி அமைப்பு விதிகள் அறிவிக்கப்பட்டன. அவை மிகக் கடுமையானவை என்று கல்வியாளர்களும் புதிய நிறுவனங்களும் குறைகூறினர். ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன்கள் மூலம் குண்டுகள் வீசப்பட்டன. இறுக்கம் கூடும் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் 2021 நேர்மாறான திசையில் சென்றன. படிவங்கள் 25இலிருந்து 5 ஆயின. கட்டண வகைகள் 72இலிருந்து 4 ஆயின. விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் மண்டலம் 45 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராகச் சுருங்கியது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. உற்பத்தி மற்றும் வான்தகுதிச் சான்றிதழ், பராமரிப்புச் சான்றிதழ் ஆகியவை நீக்கப்பட்டன. 500 கிலோ வரையிலான ட்ரோன்களுக்கு 1937ஆம் ஆண்டு விதிகள் பொருந்தா என்றும் கூறப்பட்டது.

ஓர் இயந்திரத்திற்கு ஒரு சான்று என்ற பழைய முறையிலிருந்து ட்ரோன் இவ்வாறு வெளியேறியது. அதன் இடத்தில் வகைச் சான்றிதழ் நிற்கிறது. இந்தியத் தரக் குழுமமோ அதன் அங்கீகாரம் பெற்ற அமைப்போ ஒரு மாதிரியைச் சோதித்து 60 நாட்களுக்குள் அறிக்கை தரும். அதன் அடிப்படையில் இயக்குநரகம் 15 நாட்களுக்குள் சான்றளிக்கும். அம்மாதிரியின்படி செய்யப்படும் ஆயிரக்கணக்கான ட்ரோன்களை அரசின் ஆய்வாளர் காண்பதில்லை. அனுமதியில்லையேல் ஏற்றமில்லை என்ற மென்பொருள் ஏற்பாடும் பின்னர் அறிவிக்கப்படும் பாதுகாப்பு அம்சங்களின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. மனிதக் கண் விலகியபோது அதற்கு மாற்றாகக் கருதப்பட்ட இயந்திரக் கண்ணும் ஒத்திவைக்கப்பட்டது.

இத்தளர்வை வெறும் பொறுப்புத் துறப்பு என்று தள்ளிவிடுவது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. சென்னை எம்.ஐ.டி. வளாகத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் வளர்த்த தக்‌ஷா குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ விரைவுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றபோது, சொந்த நாட்டில் 2014ஆம் ஆண்டுத் தடையே பொது விதியாக இருந்தது. இன்று பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோனை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இயக்குகின்றன. 2023இல் ஒப்புதல் பெற்ற ட்ரோன் சகோதரித் திட்டம் 15,000 குழுக்களை இலக்காகக் கொண்டது. ஒவ்வொரு ட்ரோனுக்கும் தில்லியிலிருந்து ஓர் ஆய்வாளர் வர வேண்டும் என்றிருந்தால் இது நடந்திராது. 2 கிலோ, 25 கிலோ, 150 கிலோ என விதிகள் வகுத்த எடை எல்லைகளுக்கும் தருக்கம் உண்டு: விழும் பொருளின் எடை கூடக்கூடத் தீங்கும் கூடும்.

ஆனால் எல்லைகள் வடிவமைப்பையும் மாற்றுகின்றன. 10 லிட்டர் கலன் கொண்ட வேளாண் ட்ரோன்கள் பலவும் 25 கிலோவுக்குள் அடங்கும்படி உருவாக்கப்படுகின்றன. தாளில் எழுதிய எண் பட்டறையில் அளவுகோலாகிறது. அவ்வெண்ணுக்குள் மின்கலம் எவ்வளவு முறை மின்னேற்றப்பட்டது, இறக்கையின் விரிசல் யார் கண்ணில் பட்டது என்பவை விதிக்குப் புலப்படாதவை. பழைய ஆய்வாளர் பதிவேட்டில் தேடியவை இவையே.

500 கிலோவைக் கடந்தால் பழைய உலகம் திரும்புகிறது. செங்குத்தாக மேலெழும் மின்சார வானூர்திகளுக்கான சான்றளிப்பு வழிகாட்டுதலை இயக்குநரகம் 2024இல் வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த ஈபிளேன் நிறுவனம் வான்டாக்ஸி ஒன்றை உருவாக்கிவருகிறது. இத்தகைய ஊர்தியைச் சோதிப்பவர் இறக்கையையும் பற்றவைப்பையும் அறிந்தால் போதாது. மின்கலத்தின் வெப்பம், பல சுழலிகளை ஒருங்கே ஆளும் மென்பொருள் ஆகியவற்றையும் அறிய வேண்டும். அவ்வறிவுடையவரைத் தனியார் நிறுவனங்களும் தேடுகின்றன.

அலுவலகத்தின் நிலை என்ன? 2020ஆம் ஆண்டுத் திருத்தம் இயக்குநரகத்திற்குச் சட்டபூர்வத் தகுதியளித்தது. 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, ஒப்புதல் பெற்ற 1,063 பணியிடங்களில் நிரப்பப்பட்டவை 553 மட்டுமே. இயக்குநரகத்திற்கு நிதி, நிர்வாகத் தன்னாட்சி வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது.

2014இன் தடையும் 2021இன் தளர்வும் எதிரெதிர்க் கொள்கைகளாகவே பொதுவில் பேசப்படுகின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று நம்பிக்கை. 553 என்ற எண்ணை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று தெரிகிறது. இரண்டுமே ஆய்வாளர் களத்திற்கு வரவேண்டிய தேவையைத் தவிர்த்த தீர்வுகள். முன்னதில் பறப்பதே இல்லை. பின்னதில் பறப்பதை யாரும் பார்ப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே அளவான எண்ணிக்கையில் களச்சோதனை, மாதிரி எடுத்துச் சரிபார்த்தல், குறை கண்டால் நிறுத்தும் அதிகாரம், நிறுத்தியவருக்குப் பாதுகாப்பு என்றொரு நடுவழி உண்டு. அதற்குப் புதிய சட்டத்தைவிட நிரப்பப்பட்ட பணியிடங்கள் தேவை. நிரப்பப்பட்ட பின்னரும், 1980இல் சஃப்தர்ஜங் ஓடுதளம் எழுப்பிய கேள்வி எஞ்சியே நிற்கும்: வேண்டாம் என்று கூறிய ஆய்வாளர் மறுநாளும் அதே நாற்காலியில் அமர முடியுமா?