நீர்வள மேலாண்மைக் கல்வி, பினாங்கு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பிறை ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே இருக்கிறது பாகான் டாலாம். தமிழர்கள் கணிசமாக வாழும் பட்டர்வொர்த் வட்டாரம் இது. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும், மாநிலத்தின் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு வடக்கே உள்ள மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த ஆற்றின் மேல்நீர்ப்பிடிப்புக் காடுகளோ கெடா மாநிலத்தில் உள்ளன. ஒரு மாநிலத்தின் தாகம் இன்னொரு மாநிலத்தின் காட்டை நம்பியிருக்கும் இந்த நிலைதான் இங்கே நீர்வளப் படிப்புக்கு உயிர் கொடுக்கிறது.

மலாயாவில் வடிகால் நீர்ப்பாசனத் துறை 1932இல் அமைந்தது. ஆனால் அந்நாளில் நீரியலில் மேற்படிப்பு என்றால் வெளிநாடுதான். ஆசியப் பொறியாளர்களுக்காக 1955இல் ரூர்க்கியில் ஒரு பயிற்சி மையமும், 1957இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் ஒரு நிறுவனமும், 1959இல் பாங்காக்கில் ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளியும் தொடங்கின. பாங்காக் பள்ளியே பின்னாளில் ஆசியத் தொழில்நுட்பக் கழகம் ஆயிற்று.

பினாங்கில் 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு 1986இல் பேராக்குக்குப் பெயர்ந்து, 2001இல் திரும்பி வந்தது. வந்து சேர்ந்த இடம் நிபோங் தெபால் அருகே டிரான்ஸ்கிரியான். முன்பு செம்பனை பயிரிடப்பட்ட தட்டையான தாழ்நிலம் அது. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் இத்தகைய சதுப்புகளைக் கரும்புத் தோட்டங்களாக்க வாய்க்கால் வெட்டியவர்களில் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். இப்பகுதியின் நீர் வரலாற்றை எழுதுவோர் அந்த உழைப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.

அதே 2001இல் ஆற்றுப் பொறியியல், நகர வடிகால் ஆய்வு மையம் இங்கே நிறுவப்பட்டது. மழைநீரைக் கான்கிரீட் கால்வாயில் விரைந்து வெளியேற்றும் பழைய முறையை விட்டு, விழும் இடத்திலேயே தேக்கி மெல்ல விடும் முறைக்கு நாடு மாறத் தொடங்கிய காலம் அது. மையம் அதை வளாகத்திலேயே செய்து காட்டியது. கட்டடங்களை ஒட்டிப் புல் முளைத்த ஆழமற்ற ஓடைகள். அவற்றின் அடியில் மணலும், துணிபோன்ற வடிகட்டி சுற்றிய துளைப்பெட்டிகளும். மழைநீர் புல்லில் வழிந்து, மணலில் இறங்கி, பெட்டிகள் வழியே நகர்கிறது. மிகுதி நீர் உலர்குட்டைகளில் நின்று வடியும். மழையில்லா நாளில் அவை வெறும் புல்தரைகள்தான். பின்னர் குளங்களையும், நாணல் வளர்ந்த செயற்கைச் சதுப்பையும் கடந்து தெளிந்த நீர் கெரியான் ஆற்றை அடைகிறது. பாடநூலின் ஓர் அத்தியாயத்தை மாணவர் காலால் நடந்து படிக்கலாம்.

ஆற்று மணல் இம்மையத்தின் இன்னொரு முக்கியத் துறை. மூடா உள்ளிட்ட ஆறுகளில் வண்டல் நகர்வை அளந்து பெற்ற அறிவு, 2009இல் வெளியான மணல் அள்ளுதல் வழிகாட்டிக்கு அடிப்படையானது. எவ்வளவு மணல் வந்து சேர்கிறதோ அதற்கு மேல் எடுத்தால் ஆற்றுப்படுகை தாழும், கரை சரியும். காவிரியிலும் பாலாற்றிலும் மணல் போன கதை அறிந்த தமிழக மாணவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முதுகலை, முனைவர் ஆய்வுக்கு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவர்கள் இங்கு வருகிறார்கள். வெப்பமண்டலப் பெருமழையை அந்த மழை பெய்யும் நாட்டிலேயே படிப்பது, குளிர்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எளிதில் கிட்டாத வாய்ப்பு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் அந்த மழையின் அளவைக் காட்டியது. ஆயினும் கெடாவும் பினாங்கும் மூடா நீருக்குக் கட்டணம் குறித்து நடத்தும் நீண்ட வாதத்தைப் பொறியியல் மட்டும் தீர்க்காது. சட்டமும் காட்டுப் பாதுகாப்பும் நீர்விலையும் அதே அக்கறையோடு கற்பிக்கப்பட வேண்டிய பாடங்கள்.